கல்யாணம் ஆகாத பிஸ்டன்

குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஹீரோ ஞாபகம்தான் வரும். சினிமா ஹீரோ இல்லை சார். கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமானியர்கள் ஆண்ட எகிப்தில், அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஒரு கணக்கு வாத்தியார். கிரேக்க மொழியில் அவர் பெயர் ஹீரோன். லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போனபோது கடைசி எழுத்து வெட்டுப்பட்டு 'ஹீரோ' ஆகிவிட்டது. செத்து ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, நியூமராலஜி பார்க்காமலே கிடைத்த பெயர் மாற்றம்!

அவர் செய்த காரியம் இது. ஒரு மூடி போட்ட கொப்பரை. உள்ளே தண்ணீர், அடியில் நெருப்பு. மூடிக்கு மேலே ஒரு உலோக உருண்டை. ஒரு பக்கம் கொப்பரையிலிருந்து கிளம்பிய குழாய் உருண்டைக்குள் நுழைகிறது; மறுபக்கம் ஒரு முளை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. உருண்டையின் உடம்பில் எதிரும் புதிருமாக இரண்டு வளைந்த மூக்குகள். தண்ணீர் கொதித்ததும் ஆவி குழாய் வழியே உள்ளே போய், இரண்டு மூக்கிலும் சீறிக்கொண்டு வெளியே வரும். உருண்டை சங்குசக்கரம் மாதிரி கிறுகிறுவென்று சுற்றும். இந்தக் காலத்தில் அதே மாதிரி செய்து பார்த்தபோது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றியதாம். நீராவியால் சுற்றிய இயந்திரம்! ஜேம்ஸ் வாட் பிறப்பதற்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்னால்! பிறகு என்ன செய்தார் ஹீரோ? அடுத்த பொம்மைக்குப் போய்விட்டார்.

இந்த உருண்டையைக் காட்டித்தான் ஒரு கோஷ்டி ரொம்ப நாளாக நெஞ்சில் அடித்துக்கொள்கிறது. 'ஐயோ, ஸ்டீம் இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டார்களே! ஒரு பெல்ட்டை மாட்டியிருந்தால் போதுமே! இயேசுநாதரின் சீடர்கள் எக்ஸ்பிரஸ் ரயிலில் போய்ப் பிரசங்கம் செய்திருப்பார்களே! கொலம்பஸ் நிலாவில் இறங்கியிருப்பாரே!' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'அன்னைக்கே வேளச்சேரியில ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தா...' என்று பெருமூச்சு விடும் மாமாக்களின் சரித்திரக் கிளை இது.

மாமாவிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அங்கே முழங்கால் அளவு தண்ணீர், பஸ் கிடையாது, கையில் காசும் கிடையாது. கிரேக்கர்கள் கதையும் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் ஒன்று. மாமாவிடம் இல்லாதது அவர்களிடம் இருந்தது: அபாரமான ரசனை. ஹீரோவின் 'நியூமாட்டிகா' என்ற புத்தகத்தைத் திறந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட கருவிகள். இவ்வளவு பெரிய மூளை எதையெல்லாம் யோசித்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஆப்பிளைத் தூக்கினால் ஹெர்குலிஸ் பொம்மை அம்பு விடும். அம்பு பட்ட பாம்பு 'புஸ்' என்று சீறும். ஒரே ஜாடியிலிருந்து ஒருத்தருக்கு ஒயின், அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம் (ரகசியம் கைப்பிடியில் விரல் வைக்கும் ஓட்டையில்). பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் பக்கத்துப் பொம்மைகள் தாமாகவே சாமிக்கு ஒயின் வார்க்கும். ஒரு காற்றாலைகூட உண்டு சார்! காற்றடித்தால் சுற்றும் சக்கரம், அது ஒரு பிஸ்டனை ஏற்றி இறக்கும். எதற்கு? மாவரைக்கவா, தண்ணீர் இறைக்கவா? சேச்சே. ஆர்கன் வாசிக்க!

கோயில் தீர்த்த மிஷின் இன்னும் அருமை. ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷின் ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் கலர் பல்பெல்லாம் சுற்றி, சினிமா நடிகை படம் போட்ட அட்டையில் 'நீங்கள் நேர்மையானவர்' என்று ஜோசியமும் சொல்லும். அதன் முப்பாட்டன் இது. மேலே உள்ள துளையில் ஐந்து டிராக்மா நாணயத்தைப் போட வேண்டும். காசு உள்ளே ஒரு கோலின் நுனியில் இருக்கும் தட்டில் விழும். தட்டு கனத்தால் சாயும், கோலின் மறுநுனி எழும்பும், அதில் கட்டிய அடைப்பான் மேலே போகும், தண்ணீர் வரும். தட்டு சாயச் சாயக் காசு வழுக்கி உண்டியலில் விழுந்துவிடும். கோல் பழையபடி படுக்கும், தண்ணீர் நிற்கும். நிறைய வேண்டும் என்று குழாயடியில் நின்று கெஞ்ச முடியாது. பக்தர்களை நம்பாத ஒரு கோயில் நிர்வாகம் இதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

இதற்கடுத்த பிரபல ஐட்டம், தானாகத் திறக்கும் கோயில் கதவு. பலிபீடத்தில் நெருப்பு வைத்தால் அடியில் அடைபட்ட காற்று சூடாகிப் பெருகும், அது தண்ணீரை ஒரு வாளிக்குள் தள்ளும், வாளி கனத்து இறங்கும், கயிறு இழுபடும், கதவு திறக்கும். நெருப்பணைந்தால் எல்லாம் தலைகீழ். படப் புத்தகங்களில் இதை மதுரை கோபுரவாசல் சைஸுக்கு வரைந்து, கீழே பக்தகோடிகள் மூர்ச்சை போட்டு விழுவதையும் சேர்த்திருப்பார்கள். ஹீரோ என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தால், 'ஒரு சின்னக் கோயில்' என்றுதான் தெளிவாக இருக்கிறது. அனேகமாக நவராத்திரி கொலுவில் வைக்கிற அளவு!

ஹீரோவை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இது அந்த ஊர் வியாதி. அவருக்குச் சுமார் முன்னூறு வருஷம் முன்னால் அதே அலெக்சாண்ட்ரியாவில் டெசிபியஸ் என்று ஒரு பையன் இருந்தான். அப்பா சலூன் வைத்திருந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கும்போது கயிறு கண்ணில் படக்கூடாது என்று பையனுக்கு ஆசை. உத்தரத்துக்கு அடியில் ஒரு மரப் பள்ளம் வைத்து, கயிற்றை அதற்குள் ஓட்டி, கப்பி மாட்டி, மூலையில் ஒரு குழாய்க்குள் ஈயக் குண்டைத் தொங்கவிட்டான். கண்ணாடியை இழுத்தால் குண்டு ஏறும், விட்டால் இறங்கும். இறங்கும்போது குழாய்க்குள் இருந்த காற்று நெருக்கப்பட்டு 'பூம்' என்று ஒரு சத்தம் போட்டது.

நாமாக இருந்தால் 'சனியன், சத்தம் போடுதே' என்று எண்ணெய் விட்டிருப்போம். டெசிபியஸ் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். காற்றும் ஒரு பொருள், அதை நெருக்கலாம், நெருக்கினால் அது திமிறும் என்று புரிந்தது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக ஊதும் நீர் ஆர்கன், துல்லியமான நீர்க் கடிகாரம், ஒயின் ஊற்றினால் எக்காளம் ஊதும் கொம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக இரட்டை சிலிண்டர் பம்ப். உலக விசை இயந்திர வரலாற்றின் பாதி, ஒரு சலூனில் யாரோ ஒருவர் கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்திருக்கிறது!

அந்தப் பம்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு வெண்கல சிலிண்டர். உள்ளே வழவழவென்று கடைந்த பிஸ்டன். ஒரு வழியாக மட்டும் திறக்கும் வால்வு. பிஸ்டன்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்க ஒரு ஏற்றக்கோல். அச்சு அசலாக ஒரு ஸ்டீம் இன்ஜினின் எலும்புக்கூடு. குறை ஒன்றே ஒன்றுதான்: அதில் ஸ்டீம் இல்லை. அந்த ஸ்டீம் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? ஹீரோ தன் புத்தகத்தில் இந்தப் பம்பைத் தீயணைப்புக் கருவியாக விவரித்திருக்கிறார். அதே புத்தகத்தில் கொஞ்சம் தள்ளிச் சுற்றும் உருண்டையையும் விவரித்திருக்கிறார்.

ஒரே புத்தகம் சார்! மாப்பிள்ளை முதல் பாகத்தில், பெண் இரண்டாம் பாகத்தில். நல்ல இடம், ஜாதகப் பொருத்தம் பிரமாதம். ஒரு தரகர் வரவில்லை. ஹீரோவே இரண்டு பேரையும் தன் கையால் எழுதிவிட்டு, ஒருத்தரை ஒருத்தருக்கு அறிமுகம் செய்து வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சீர்வரிசைக்கும் குறைவில்லை. கொரிந்து நகரத்தில் கி.மு. 600 வாக்கிலேயே டியோல்கோஸ் என்று கல் பாவிய ஒரு பாதை போட்டிருந்தார்கள். பூசந்தியின் இந்தப் பக்கக் கடலிலிருந்து அந்தப் பக்கக் கடலுக்குச் சரக்கையும் சில சமயம் கப்பலையுமே வண்டியில் ஏற்றி இழுத்துப்போக. சக்கரம் விலகாமல் ஓடக் கல்லில் இரண்டு பள்ளம். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 1.6 மீட்டர். நம் பிராட்கேஜ் 1.676. கொரிந்துக்காரர்கள் தண்டவாளத்தைப் போட்டு வைத்துவிட்டு ரயிலுக்காக இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் காத்திருந்தார்கள். நம் ஊரில் மேம்பாலத் தூண்கள் நிற்பதில்லையா, அதுபோல.

பல் சக்கரம்? அதுவும் இருந்தது. 1900இல் சைமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்பவர்கள் ஆன்டிகிதெரா தீவருகே முக்குளித்தார்கள். கீழே போன ஒருவர் 'அடியில் ஒரே அம்மணப் பிணமாகக் கிடக்கிறது' என்று அலறிக்கொண்டு மேலே வந்தார். போய்ப் பார்த்தால் எல்லாம் சிலைகள், ஏறக்குறைய கி.மு. 60களில் முழுகிய சரக்குக் கப்பல். அதோடு வந்த ஒரு களிம்பேறிய கட்டியை யாரும் சட்டை செய்யவில்லை. 1902இல்தான் அதற்குள் பல் சக்கரம் இருப்பது தெரிந்தது. மிஞ்சியதில் மட்டும் 30 சக்கரங்கள். கைப்பிடியைத் திருகினால் சூரியன், சந்திரன் இருக்குமிடம், கிரகண காலம் எல்லாம் காட்டும். கூடவே ஒலிம்பிக்ஸ் எந்த வருஷம் என்பதும்! உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் என்கிறார்கள். எனக்கென்னவோ அது வெண்கலத்தில் செய்த பஞ்சாங்கம் மாதிரிதான் தெரிகிறது, கடைசிப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காலண்டரோடு.

ஆக பிஸ்டன் ரெடி, ஆவி ரெடி, வால்வு ரெடி, பல் சக்கரம் ரெடி, தண்டவாளம்கூட ரெடி. அப்புறம் என்னதான் கேடு?

இரண்டாம் டாலமி ராஜா கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் நடத்திய ஊர்வலத்தைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். நாலு சக்கர வண்டியில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நைசா தேவதையின் சிலை உட்கார்ந்திருக்கும். யாரும் தொடாமலே திடீரென்று தானாக எழுந்து நிற்கும். தங்கக் கிண்ணத்திலிருந்து பாலை ஊற்றும். மறுபடி சமர்த்தாக உட்காரும். ஜனங்கள் அசந்துபோனார்கள். முழு ஆட்டோமேட்டிக்! சரி, அந்த வண்டியை இழுத்தது எது? அறுபது ஆட்கள்.

மேலே ஆட்டோமேட்டிக், கீழே அறுபது பேர். இந்த முரண்பாடு டாலமிக்குத் தெரியவில்லை, பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டியை இழுக்க ஆள் கிடைக்கும். உட்கார்ந்த சிலையை எழுந்து நிற்க வைக்க ஆள் கிடைக்குமா? எது கிடைக்காதோ அதற்குத்தானே மெஷின்!

ஆள் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தது என்பதற்கு நிக்கியாஸ் சாட்சி. ஏதென்ஸ் நகரத்துப் பெரிய தளபதி, பெரிய பக்திமான், பெரிய பணக்காரர். லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் வேலை செய்ய ஆயிரம் அடிமைகளை வாடகைக்கு விட்டிருந்தார் என்று செனோபோன் எழுதுகிறார். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓபல். ஆறு ஓபல் சேர்ந்தால்தான் ஒரு டிராக்மா. இதில் இன்னொரு ஷரத்து: எடுத்துப்போனவர் எண்ணிக்கை குறையாமல் திருப்பித் தர வேண்டும். வாடகை சைக்கிள் கடை கண்டிஷன்! இப்படி ஒருவரிடம் போய் 'ஐயா, கொப்பரை, குழாய், விறகு எல்லாம் வைத்து ஒரு மெஷின்...' என்று ஆரம்பித்தால் வாசல் வரைக்கும்கூட வந்து வழியனுப்பியிருக்க மாட்டார்.

அரிஸ்டாட்டில்தான் இதை நெருங்கி வந்தவர். தறியின் நாடா தானாகவே ஓடி நெய்யுமானால், யாழ் தானாகவே வாசிக்குமானால், முதலாளிக்கு வேலையாள் தேவையில்லை, எஜமானுக்கு அடிமை தேவையில்லை என்று எழுதினார். அடேயப்பா, தொழிற்புரட்சியின் முழு விளம்பரம்! ஆனால் அவர் அதை எழுதியது ஆசையில் அல்ல. அதெல்லாம் நடக்கிற காரியமா, ஆகவே அடிமைகள் தேவை என்று முடிவு கட்ட. நாம் 'பணம் மரத்திலா காய்க்குது' என்று சொல்வதில்லையா, அந்தத் தொனி.

சரி, எல்லாம் அடிமைமுறையால் வந்த வினை என்று ஃபைலை மூடிவிடலாமா? பல புத்தகங்கள் மூடிவிட்டன. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால் அடிமைகள் நிறைந்த அதே ரோமானிய உலகத்தில்தான், தெற்கு பிரான்ஸில் பார்பெகால் என்ற இடத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மலைச்சரிவில் பதினாறு நீர்ச்சக்கரங்களைப் படிப்படியாக வைத்து மாவரைத்தார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆள் இருந்தாலும் மெஷின் வாங்குவார்கள். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டே கிரைண்டரும் வாங்குகிறோம் இல்லையா?

'கிரேக்க அறிவாளிகள் கையால் வேலை செய்வதைக் கேவலமாக நினைத்தார்கள்' என்பது அடுத்த வழக்கமான பதில். இதற்கு முக்கிய சாட்சி புளூட்டார்க். ஆர்க்கிமிடிஸ் தன் யந்திரங்களை எல்லாம் மட்டமான வேலை என்று நினைத்து அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்கிறார். இவர் யார்? ஆர்க்கிமிடிஸ் செத்து முன்னூறு வருஷம் கழித்து எழுதிய, நல்ல வசதியான, கை கறுக்காத மனிதர். ஆர்க்கிமிடிஸோ வானத்துக் கோள்களைக் காட்டும் உருண்டை செய்வது எப்படி என்று தனியாக ஒரு புத்தகமே எழுதியதாகப் பிற்காலத்துக் கணக்கு வாத்தியார் பாப்பஸ் சொல்கிறார். பெரியவர் வாயில் தன் அபிப்பிராயத்தைத் திணிப்பது மேடைப் பேச்சாளர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தேன். இல்லை, புளூட்டார்க்!

அந்த 'மட்டமான' யந்திரங்களைப் பார்த்து ரோமானியர்கள் பட்ட பாட்டையும் அதே புளூட்டார்க்தான் சொல்கிறார். ரோமானியர்கள் முற்றுகையிட்டிருந்த, ஆர்க்கிமிடிஸின் ஊரான சிராக்யூஸின் கோட்டைச் சுவருக்கு மேல் ஒரு கயிறோ கட்டையோ எட்டிப் பார்த்தால் போதும், 'ஆர்க்கிமிடிஸ் ஏதோ விடுறாண்டா!' என்று படையே பின்னங்கால் பிடரியில் பட ஓடுமாம். கி.மு. 212இல் ஒருவழியாக ஊர் விழுந்தது. ஆர்க்கிமிடிஸை ஒரு சிப்பாய் வெட்டினான். தளபதி மார்செல்லஸ் அவ்வளவு கொள்ளையிலும் தன் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கோள் உருண்டை ஒன்றைத்தான் என்கிறார் சிசரோ. ஊரையே பிடித்த தளபதிக்கும் வேண்டியிருந்தது பொம்மைதான்.

யந்திரம் செய்யும் கர்வத்தில் ஹீரோவும் சளைத்தவரில்லை. கவண் பொறி செய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் முன்னுரையில், மன நிம்மதி பற்றித் தத்துவ ஞானிகள் காலங்காலமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் பேசாமலே நிம்மதி தருவது கல்லெறியும் யந்திரம்தான் என்ற ரீதியில் ஒரு போடு போடுகிறார். நல்ல யந்திரம் இருந்தால் எதிரி கிட்ட வரமாட்டான், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பிளேட்டோவின் காலையே வாரிவிட்டார்! இதை எழுதியவர் கைவேலைக்கு வெட்கப்பட்டவர் மாதிரியா இருக்கிறது?

சர்க்கார் தரப்பு என்ன செய்தது? ரோமில் வெஸ்பாசியன் சக்கரவர்த்தியிடம் ஒரு பொறியாளர் வந்தார். பெரிய பெரிய தூண்களைக் குறைந்த செலவில் கோயிலுக்குக் கொண்டுவர வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். சக்கரவர்த்தி சந்தோஷப்பட்டு நல்ல பரிசு கொடுத்தார். 'ஆனால் உன் யோசனை வேண்டாம், என் ஜனங்களுக்கு நான் சோறு போட்டாக வேண்டும்' என்று அனுப்பிவிட்டார். நூறு நாள் வேலைத் திட்டத்தின் ரோமானியப் பதிப்பு. இத்தனைக்கும் இந்த மனிதர் பொதுக் கழிப்பிடத்து மூத்திரத்துக்கே வரி போட்டவர். காசின் அருமை தெரிந்தவரே தள்ளிவிட்டார் என்றால் பாருங்கள்.

அவருக்கு முன்னால் இருந்த நீரோ இன்னும் விசேஷம். கி.பி. 68இல் காலியா பிரதேசத்தில் கலகம். நாற்காலி ஆடுகிறது. ராஜ்யத்தின் முக்கியஸ்தர்களை அவசரமாக வரச் சொன்னார் நீரோ. ஏதோ பேருக்குக் கொஞ்சம் ஆலோசனை நடந்தது. மீதி நாள் முழுக்க, புது மாதிரி நீர் ஆர்கன்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது எப்படி வேலை செய்கிறது, அதில் என்ன கஷ்டம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். புது போன் வாங்கியவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்கள் நிலைமைதான் அந்தப் பெரிய மனிதர்களுக்கு. 'கலகக்காரன் அனுமதித்தால் இதைத் தியேட்டரிலும் வைத்துக் காட்டுவேன்' என்று ஜோக் வேறு. சில மாதத்தில் ஆளே போய்விட்டார். சலூன்காரர் மகனின் கண்டுபிடிப்பு, சக்கரவர்த்தி வரைக்கும் போயிருக்கிறது, எதற்கென்றுதான் கேட்கக்கூடாது.

நாம் மட்டும் யோக்கியமா? அலெக்சாண்ட்ரியா வியாபாரிகளின் கப்பல்கள் செங்கடல் துறைமுகங்களிலிருந்து நம் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிக்கொண்டு போனது ஏறத்தாழ ஹீரோ காலத்தில்தான். அவர்களிடம் நம் ராஜாக்கள் எதை ஆர்வமாக வாங்கினார்கள் என்று சங்க இலக்கியத்தைத் தேடினால், புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த மது இருக்கிறது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு இருக்கிறது. சரக்கும் ஷோகேஸ் ஐட்டமும்! யாரும் 'ஒரு பம்ப் செட் கிடைக்குமா' என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஒரு தரகர் வந்து பிஸ்டனுக்கும் ஆவிக்கும் முடிச்சுப் போட்டே இருந்தாலும் குடித்தனம் நடந்திருக்குமா என்று பார்ப்போம். ஹீரோவின் உருண்டைக்குக் கொடுக்கிற சூட்டில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாகத் தேறுவது சந்தேகம். குழாய் உருண்டைக்குள் நுழையும் மூட்டை இறுக்கினால் சுற்றாது. தளர்த்தினால் ஆவி ஒழுகும். எங்கள் வீட்டுப் பழைய குக்கருக்கும் இதே வியாதிதான். காஸ்கட்டை மாற்றினோம், பிழைத்தது. ஹீரோவுக்கு ரப்பர் கிடையாது. விறகோ, எகிப்தில் தங்கம் மாதிரி. நல்ல மரம் வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். பாபிரஸ் கோரையின் வேரைக்கூட எரித்த ஊர் அது. ஒரு பாட்டில் தண்ணீர் இறைக்க ஒரு வண்டி விறகு என்றால் எந்த மாமியார் சம்மதிப்பாள்?

இங்கேதான் கதையில் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 1712இல் இங்கிலாந்தில் டட்லி கோட்டை அருகே தாமஸ் நியூகாமன் என்பவர் ஒரு நீராவிப் பம்பை நிறுவினார். இவர் விஞ்ஞானி இல்லை. டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. எட்டடி உயர சிலிண்டர். நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை மூச்சு வாங்கி, தடவைக்குப் பத்து காலன் தண்ணீரை மேலே தூக்கும். அதற்கும் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது! எரிப்பதில் ஏறக்குறைய எல்லாம் வீண். ஹீரோ உருண்டை மாதிரியே ஊதாரி. ஆனால் நியூகாமன் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல். விற்க லாயக்கில்லாத தூள் கரி காலடியிலேயே குவிந்து கிடந்தது. சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, முதலாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஊதாரி மாப்பிள்ளைக்கு, சாராயக் கடை முதலாளி பெண் கொடுத்த மாதிரி!

சுரங்கத்தில் தண்ணீர் புகுவது ரோமானியர்களுக்கும் தெரிந்த தலைவலிதான். ஸ்பெயினில் அவர்களுடைய சுரங்கங்களில் ஆர்க்கிமிடிஸ் திருகை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள் என்று சரித்திர ஆசிரியர் டயடோரஸ் எழுதுகிறார். திருகைச் சுற்ற அடிமை. அவர்கள் தோண்டியது வெள்ளி. வெள்ளியை அடுப்பில் போட்டு எரிக்க முடியாதே!

இன்னொன்றும் வேண்டியிருந்தது. காற்று ஒரு பொருள் என்று ஹீரோவுக்குத் தெரியும். அது நம் தலைமேல் டன் கணக்கில் உட்கார்ந்து அழுத்துகிறது என்று தெரியாது. 1643இல் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துச் சொன்ன பிறகுதான் அது பிடிபட்டது. அப்புறம் ஜெர்மனியில் மாக்டபர்க் மேயர் குவெரிக்கே, இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சிவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். பிரியவில்லை. நியூகாமன் செய்தது இதைத்தான்: சிலிண்டரில் ஆவியை நிரப்பி, உள்ளே பச்சைத் தண்ணீரைத் தெளித்தார். ஆவி சுருங்கியது, உள்ளே வெற்றிடம், வெளிக்காற்று பிஸ்டனை அமுக்கியது. வேலை செய்தது ஆவி என்றே ஊர் நினைத்தது. உண்மையில் அது போய்விட்டதுதான் உபகாரம்.

சிலிண்டரும் சும்மா வரவில்லை. ஜேம்ஸ் வாட் தன் இன்ஜினுக்கு நல்ல உருளை கிடைக்காமல் வருஷக்கணக்காக அவஸ்தைப்பட்டார். பிஸ்டனைச் சுற்றி ஏதேதோ அடைத்துப் பார்த்தார். ஆவி எல்லா இடத்திலும் ஒழுகியது. கடைசியில் கைகொடுத்தவர் வில்கின்சன் என்ற இரும்பாலை முதலாளி. பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் குடைய 1774இல் அவர் செய்த மெஷினே ஆவி ஒழுகாத சிலிண்டருக்கும் வழி காட்டியது. நிம்மதி தருவது கவண் பொறி என்று ஹீரோ சொன்னது இப்படியா பலிக்க வேண்டும்!

'எல்லாம் சரி, ஆனால் அந்தப் புத்தகம் மட்டும் நல்ல கையில் கிடைத்திருந்தால்...' என்று மாமா கோஷ்டி இன்னும் விடாது. கிடைத்தது சார். 1575இல் 'நியூமாட்டிகா' லத்தீனில் அச்சேறியது. பின்னாலேயே இத்தாலிய மொழியிலும் வந்தது. மறுமலர்ச்சிக் காலம், பணக்கார இத்தாலி, உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்கள். படித்தார்கள், பரவசப்பட்டார்கள். பிரபுக்களின் தோட்டங்களில் பாடும் பறவைகளும், குகைக்குள் நடமாடும் பொம்மைகளும், விருந்தாளி உட்கார்ந்தால் அடியிலிருந்து தண்ணீர் பீச்சும் ஆசனங்களும் வைத்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து இரண்டாவது சான்ஸ். மறுபடி பொம்மை!

அந்தக் காலத்துப் பொம்மை ஒன்று இன்னும் இருக்கிறது. ரோமுக்குப் பக்கத்தில் டிவோலி என்ற ஊரில், வில்லா தெஸ்தே மாளிகைத் தோட்டத்தில் ஆந்தை நீரூற்று. ஹீரோ எழுதிய அதே சமாச்சாரம். வெண்கலக் குருவிகள் தண்ணீரின் அழுத்தத்தில் கீச்சுக் கீச்சென்று பாடும். ஆந்தை மெதுவாகத் திரும்பிப் பார்க்கும். ஹெட்மாஸ்டர் வந்த கிளாஸ் மாதிரி குருவிகள் கப்சிப். ஆந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மறுபடி கச்சேரி. பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். ரோமிலிருந்து ரயிலைப் பிடித்து வந்து இறங்கிய கூட்டம், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, ஆந்தை எப்போது திரும்பும் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.